கைப்பேசிக்கும் ஒரு வாசற்கதவு

 

சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு எங்கள் பள்ளிவாசலின் மேல்மாடியில் சிறுவர்களுக்கு மக்தப் வகுப்பு நடைபெறுகிறது. சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் குர்ஆனை விரித்து வைத்தபடியே உறங்கி விழுந்தான். அன்று மட்டுமன்று, பத்து நாள்களாகவே அவன் நிலை அதுதான். தட்டி எழுப்பியபோது அவன் சட்டைப் பையிலிருந்து கைப்பேசி ஒன்று நழுவி விழுந்தது. எனக்குச் சினம் மூண்டது. "திற இதை! இராவெல்லாம் கண்விழித்து நீ என்ன பார்க்கிறாய் என்று எல்லாரும் பார்க்கட்டும்" என்று இருபது பிள்ளைகளின் முன்னிலையில் அதட்டினேன். நடுங்கும் விரலால் அவன் திறந்தான். மறுகணமே இரண்டு உள்ளங்கைகளாலும் திரையை மூடிக்கொண்டு, "அஸ்ரத், இது அம்மாவோட போன். அம்மா படம் இருக்கு" என்றான்.

நான் வாயடைத்துப் போனேன். தெருவில் நடக்கும்போது முக்காட்டைப் பலமுறை சரிசெய்துகொள்ளும் ஒரு தாயின் வீட்டு அறையை, இருபது பேருக்கு முன்னால் திறந்துகாட்டச் சொல்லியிருக்கிறேன்! அதபு கற்பிக்கும் ஆசிரியனுக்குத் தோன்றாதது, உறக்கக் கலக்கத்தில் இருந்த சிறுவனுக்குத் தோன்றிற்று. அன்று வகுப்பு முடிந்ததும் அவனைத் தனியே அழைத்து, "நான் செய்தது தவறு" என்று சொன்னேன். அதன் பிறகே அவன் வாய்திறந்து பேசினான்.

அவனுடைய அத்தா திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று லாரியில் வேலை பார்ப்பவர். மாதக்கணக்கில் வடமாநிலங்களில் இருப்பார். வீட்டில் ஒரே கைப்பேசி, அது அம்மாவுடையது. இஷாவுக்குப் பின் அம்மா அயர்ந்து உறங்கியதும், துப்பாக்கி ஏந்திச் சுடும் விளையாட்டொன்றைப் போர்வைக்குள் ஆடுவான். அதனை ஏற்றிய நாளில் அது ஏதேதோ அனுமதி கேட்டதாம். படங்களைப் பார்க்கலாமா, ஒலிவாங்கியைத் திறக்கலாமா, தொடர்பு எண்களை எடுக்கலாமா என்று ஆங்கிலத்தில் வந்த கேள்விகளுக்கெல்லாம், விளையாட்டு திறந்தால் போதும் என்ற அவசரத்தில் 'சரி' என்று அழுத்தியதாகச் சொன்னான். அந்த அம்மாவுக்கு இது ஒன்றும் தெரியாது.

வாசகர்களே! அன்றிலிருந்து என் மனத்தை அரித்த கேள்விகளை உங்கள் முன் வைக்கவே இக்கட்டுரை. வீட்டுக்குக் கதவும் தாழ்ப்பாளும் திரைச்சீலையும் வைத்திருக்கிறோம். வீட்டையே உள்ளே வைத்திருக்கும் கைப்பேசிக்கு என்ன வைத்திருக்கிறோம்? பிள்ளைகளின் விளையாட்டு, பெண்களின் மானம், அரசாங்கத்தின் தடை என்று மூன்று திசைகளிலிருந்தும் அந்தக் கதவு தட்டப்படுகிறதே. எதற்குத் திறப்பது, எதற்கு மூடுவது?

இஸ்லாம் கற்பித்த வாசல் ஒழுக்கம்

பிறர் வீட்டில் நுழையுமுன் அனுமதி பெற்று ஸலாம் உரைக்கும்படி அன்னூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் பணிக்கிறது. அதே அத்தியாயத்தின் 58ஆம் வசனமோ ஒரே வீட்டுக்குள்ளும் இவ்வொழுக்கத்தைக் கொண்டுவருகிறது. சுபுஹுக்கு முன், நண்பகலில் ஆடை தளர்த்தி இளைப்பாறும் வேளை, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று பொழுதுகளிலும் பருவமடையாத பிள்ளைகளும் அனுமதி கேட்டே பெற்றோரின் அறைக்குள் வரவேண்டும். ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் ஒருசேரத் தடுக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் பிறர் இல்லம் சென்றால் வாசலுக்கு நேர்முகமாக நிற்காமல், வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நிற்பார்கள். அவர்களுடைய அறைக்குள் கதவின் துவாரம் வழியே எட்டிப் பார்த்த ஒருவரைக் கடிந்துகொண்டபோது, அனுமதி பெறும் விதியே பார்வையை முன்னிட்டுத்தான் வந்தது என்று விளக்கினார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ள இச்செய்தியை நன்கு எண்ணிப்பாருங்கள். அம்மனிதர் உள்ளே நுழையவில்லை, எதையும் எடுக்கவில்லை, பார்த்தார், அவ்வளவே. பார்ப்பதே அத்துமீறல் என்பது பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே நமக்குச் சொல்லப்பட்டுவிட்டது.

இந்திய நாட்டின் உச்ச நீதிமன்றம் இதே கருத்துக்கு வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. 1962இல் கரக்சிங் என்பவரின் வழக்கில், காவலர் இரவில் வீடு தேடிச் சென்று கதவைத் தட்டிச் சோதிப்பது கூடாது என்று தீர்ப்பளித்த நீதிமன்றம், அந்தரங்கம் என்பது அரசியலமைப்பு உறுதியளித்த உரிமையன்று என்றும் சொல்லிவிட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்றுதான், ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று அறிவித்தனர்.

விளையாட்டின் மறுபக்கம்

சேலத்தில் நடைபெற்ற பொருட்காட்சியொன்றில், கண்களை முழுதும் மூடும் கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு சிறுவர்கள் வெறுங்கையால் காற்றை வெட்டிக்கொண்டிருந்ததை வேடிக்கை பார்த்தேன். அவர்களுடைய கண்ணுக்கு அங்கே மலையும் ஆறும் பகைவரும் தெரிகின்றனராம். மெய்போலவே தோன்றும் இதனை மெய்நிகர் காட்சி என்கிறார்கள். இன்று பொருட்காட்சியில் இருப்பது நாளை வீட்டுக் கூடத்திற்கு வரும். 2014இல் ஃபேஸ்புக் நிறுவனம் இருநூறு கோடி டாலர் விலை பேசி ஆக்குலஸ் என்னும் மெய்நிகர் நிறுவனத்தை வாங்கியது. 2023இல், பதின்மூன்று வயது என்றிருந்த எல்லையைத் தளர்த்திப் பெற்றோர் மேற்பார்வையில் பத்து வயதுப் பிள்ளைகளும் கணக்குத் தொடங்க வழிசெய்தது. வணிகர்களின் கண் எங்கே இருக்கிறது என்பதற்கு இது போதும்.

கருவியைக் கண்டதும் 'ஹராம்' என்று கூவுவது என் நோக்கமன்று. 2021 டிசம்பரில் சவூதி அரேபியாவின் ஹரமைன் நிர்வாகமே ஹஜருல் அஸ்வத் கல்லை அருகிருந்து காண்பதுபோன்ற மெய்நிகர் காட்சியைத் தொடங்கிவைத்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் துருக்கி நாட்டின் சமய விவகாரத் துறையினர், கஅபாவை இவ்வாறு காணலாம். ஆனால் அது ஹஜ்ஜாகிவிடாது, ஹஜ்ஜுக்குக் கால்கள் மெய்யாகவே அம்மண்ணில் பட வேண்டும் என்று தெளிவுபடுத்தினர். ஆம், கருவி கற்பிக்கவும் உதவும். கேள்வி வேறு. நாம் அக்கருவியைப் பார்க்கும்போது அது நம்மிடம் எதைப் பார்க்கிறது?

தலையும் இரு கைகளும் எங்கே அசைகின்றன என்பதை நொடிக்குப் பலமுறை அளந்தால்தான் அது காட்சி காட்ட இயலும். அந்த அசைவே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். 2020இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 511 பேரை இக்கருவியைப் பயன்படுத்தச் செய்து, ஒவ்வொருவரிடமும் ஐந்து நிமிடத்திற்கும் குறைந்த அசைவுப் பதிவைக் கொண்டே நூற்றுக்கு 95 பேர் இன்னார் என்று கணினியால் கண்டுபிடித்தனர். 2023இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்தோர், வாள் வீசும் விளையாட்டொன்றை ஆடிய 55,000க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து, நூறு நொடி அசைவிலிருந்தே நூற்றுக்கு 94 பேரை அடையாளம் காட்டினர். இது நமக்கு வியப்பளிக்க வேண்டியதில்லை. ஜமாஅத்தில் பின்வரிசையில் நிற்பவர், முன்னிருப்பவர் ருகூவுக்குக் குனியும் விதத்தைக் கொண்டே இன்னார் என்று சொல்லிவிடுவதில்லையா? பெயரை மறைக்கலாம், முகத்தை மறைக்கலாம், குனிந்து நிமிரும் பாங்கை எவரும் மறைக்க முடியாது.

'நாம் சாதாரண மக்கள். நம் விவரம் எவனுக்கு வேண்டும்?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு செய்தி. தொழுகை நேரமும் கிப்லாத் திசையும் காட்டும் 'முஸ்லிம் புரோ' என்னும் செயலியை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் தங்கள் கைப்பேசியில் ஏற்றியிருந்தனர். கிப்லாவைக் காட்ட நாம் நிற்கும் இடம் அதற்குத் தெரிந்தாக வேண்டும் அல்லவா? அந்த இட விவரம் எக்ஸ்-மோட் என்னும் தரகு நிறுவனத்திற்கு விற்கப்பட்டு, அதனிடமிருந்து ஒப்பந்தக்காரர்கள் வழியாக அமெரிக்க இராணுவத்தின் பக்கம் செல்கிறது என்று 2020 நவம்பரில் மதர்போர்டு என்னும் அமெரிக்க இதழ் வெளிப்படுத்திற்று. செயலியை நடத்தியோர் அத்தரகு நிறுவனத்தின் தொடர்பை அறுத்துக்கொள்வதாக உடனே அறிவித்தனர். 2024 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம், வழிபாட்டுத் தலங்கள் போன்ற நுண்மையான இடங்களுக்குச் சென்றோரின் விவரத்தை விற்கக் கூடாதென்று அத்தரகு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தியது. கிப்லாவைத் தேடி நின்ற இடமே விற்பனைச் சரக்காயிற்று என்றால், துப்பாக்கி விளையாட்டு எதைத்தான் விற்காது?

சேலத்து மண்ணில் நிகழ்ந்தது

2016 ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில் நிகழ்ந்த துயரத்தை இவ்வட்டாரத்தார் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். படித்த இளம்பெண் ஒருத்தியின் முகத்தை வேறோர் ஆபாசப் படத்தோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் வெளியிட்டுவிட்டான் ஒருவன். குடும்பத்தார் காவல்துறையை நாடினர்; படத்தை நீக்குவதில் நாள்கள் கடந்தன. மீண்டும் ஒரு படம் வெளியாயிற்று. அந்தப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். பின்னர் ஓர் இளைஞன் கைது செய்யப்பட்டான். கையூட்டாகக் கைப்பேசி வாங்கியதாகக் காவலர் ஒருவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார்.

இவையெல்லாம் அவள் போன பின் நடந்தவை. ஆனால் என் நெஞ்சை உலுக்கியது வேறொன்று. தன்னைப் பெற்றவர்களே தன்னை நம்பவில்லையே என்னும் வேதனை அவள் விட்டுச்சென்ற கடிதத்தில் இருந்ததாக அன்றைய நாளிதழ்கள் எழுதின. அந்தப் பெற்றோரைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. அதிர்ச்சியில் எவருக்கும் நா தடுமாறும். நம் வீட்டில் நடந்தால் நம் வாயிலிருந்து முதலில் வரும் சொல் என்னவாக இருக்கும்? 'உன் படம் அவனுக்கு எப்படிக் கிடைத்தது?' என்பதுதானே! அந்தக் கேள்வியின் கூர்மையை நாம் உணர்வதில்லை.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது மதீனத்து நயவஞ்சகர்கள் அவதூறு கிளப்பிய வரலாற்றை நாம் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஏறத்தாழ ஒரு மாத காலம் வஹீ வராமல் நபியின் இல்லமே துயரில் மூழ்கியிருந்தது. பெற்றோர் வீட்டுக்குச் சென்ற அன்னை அழுது அழுது ஈரல் வெடித்துவிடுமோ என்று அஞ்சிய அந்நாளில், தாயும் தந்தையும் அருகில் அமர்ந்திருந்தனர். அன்ஸாரிப் பெண்ணொருத்தி அனுமதி கேட்டு உள்ளே வந்தாள், ஒன்றும் பேசவில்லை, அன்னையோடு சேர்ந்து அழுதாள். பின்னர் இறங்கிய வசனங்களில், அன்னூர் 12ஆம் வசனம், அவதூறைக் கேட்டவுடன் தம்மவரைப் பற்றி நல்லெண்ணமே கொண்டிருக்க வேண்டாமா என்று நம்பிக்கையாளர்களை இடித்துரைக்கிறது. ஆராய்ச்சி பிறகு, நல்லெண்ணம் முதலில். இந்த வரிசையை நாம் மாற்றிவிடலாகாது. அழுகின்ற மகளின் அருகில் உட்கார்வதற்கு எந்தத் தொழில்நுட்ப அறிவும் தேவையில்லை.

இது எங்கோ யாருக்கோ நேர்வதன்று. 2021 ஜூலையில், பின்னர் 2022ஆம் ஆண்டின் முதல் நாளில், இந்திய முஸ்லிம் பெண்களின் படங்களை அவர்கள் அறியாமலே எடுத்து, 'ஏலம்' விடுவதுபோல் இணையத்தில் அடுக்கினர் சில கயவர்கள். பத்திரிகையாளர், வழக்கறிஞர், சமூகப் பணியாளர் என்று பொதுவாழ்வில் குரல் கொடுத்த சகோதரிகளே அதில் குறிவைக்கப்பட்டனர். அவர்களுள் பலர் துணிந்து புகார் அளித்தனர். குற்றவாளிகளெனக் கருதப்பட்ட இளைஞர்கள் கைதாயினர். 'பெண் படம் எடுத்ததால்தானே வந்தது' என்று நம்மவரே முணுமுணுத்ததையும் கேட்டேன். திருடனை விட்டுவிட்டு, வீட்டுக்காரியை வைகிறோம்! பேணுதல் என்பது வேறு, பழி என்பது வேறு. பேணுதலை முன்கூட்டிச் சொல்வோம். துன்பம் நேர்ந்த பின் பழி சொல்லோம்.

அரசு மூடும் கதவு

கெட்டதையெல்லாம் அரசாங்கமே தடைசெய்துவிட்டால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். தீமைக்கு இட்டுச்செல்லும் வழியை அடைப்பது நம் ஃபிக்ஹுக் கலைக்கும் அந்நியமன்று. தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்தில் பொருளை இழந்து குடும்பங்கள் சிதைந்தபோது, சட்டமன்றம் தடைச் சட்டம் இயற்றியது. 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் எனக் கூறி அவற்றை மட்டும் தடையினின்று விலக்கியது. பிறகு 2025 பிப்ரவரியில், பணம் கட்டி ஆடுவோர் ஆதார் கொண்டு தம்மை மெய்ப்பிக்க வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது என்று மாநில அரசு விதி செய்தது. ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் அதனை ஏற்றது. அதே ஆகஸ்டில் பணம் கட்டும் இணைய விளையாட்டு அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்ற, 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். மதுவோடு சூதையும் ஷைத்தானின் செயல் என்று மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனத்தில் ஓதும் நாம், இத்தடைகளை வரவேற்கவே செய்வோம்.

ஆயினும் இரண்டு செய்திகளை நாம் மறக்கலாகாது. முதலாவது, தடை எல்லாவற்றையும் செய்துவிடாது. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடைசெய்தபோது 'பப்ஜி' விளையாட்டும் ஒழிந்ததென்று பெற்றோர் பெருமூச்சு விட்டனர். மறு ஆண்டு ஜூலையிலேயே கிட்டத்தட்ட அதே விளையாட்டு வேறு பெயரில் வந்து சேர்ந்தது. தடைக்குச் சொல்லப்பட்ட காரணமும் நாட்டின் பாதுகாப்பும் மக்களின் விவரங்களுமே; நம் பிள்ளைகளின் உறக்கமன்று! நம் மாணவன் பணம் கட்டாத விளையாட்டைத்தானே ஆடினான்? நள்ளிரவுத் தடை அவனைத் தொடவே இல்லை. அவன் போர்வையை விலக்க அரசாங்கம் வராது.

இரண்டாவது, தீயவனைத் தடுக்கச் செய்த பூட்டு நல்லவன் வாயையும் பூட்டக்கூடும். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. வதந்தியைத் தடுப்பதே நோக்கமென்றனர். வெளிநாட்டில் இருந்த மகனோ, தன் தெருவில் உற்றார் உயிரோடு இருக்கின்றனரா என்று பார்க்கும் வழியை இழந்தான். காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் மூடிய அதிவேக இணையம், முழு அளவில் திரும்ப 2021 பிப்ரவரி ஆயிற்று. இடையே 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், காலவரையின்றி இணையத்தை நிறுத்தலாகாது. நிறுத்தும் ஆணையை மக்கள் அறிய வெளியிட வேண்டும் என்று தீர்ப்புரைத்தது.

வதந்தியின் கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதே 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்பவர் என்னும் வாட்ஸ்அப் வதந்தியை நம்பித் திருவண்ணாமலை மாவட்டத்தில் முதிய பெண்மணி ஒருவரை ஊரார் அடித்தே கொன்றனர். குலதெய்வம் கும்பிட வந்தவர். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதுவே அவர் செய்த குற்றம். தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரியுங்கள் என்ற ஹுஜுராத் 6ஆம் வசனத்தை நம்மவரும் பிறரும் கடைப்பிடித்தால், அரசு இணையத்தை மூடும் தேவையே குறையும்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வந்தபோது, ஒரு வீட்டில் தீய செயல் நடப்பதை ஐயுற்றுச் சுவரேறி உள்ளே இறங்கிய நிகழ்ச்சியை இமாம் கஸ்ஸாலி முதலானோர் எடுத்துரைக்கின்றனர். அவ்வீட்டுக்காரர், தாம் செய்தது ஒரு பாவம் என்றால் கலீஃபா செய்தவை மூன்று என்று எண்ணிக் காட்டினார்: துருவி ஆராய்ந்தது, வாசல் வழியன்றி வந்தது, அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தது. வலிமை மிக்க அந்த ஆட்சியாளர் அதனை ஒப்புக்கொண்டு திரும்பினார். ஆட்சியாளர் மக்களின் குறைகளைத் தேடித் திரிந்தால் அவர்களைக் கெடுத்துவிடுவார் என்ற கருத்தில் முஆவியா (ரலி) அறிவிக்கும் நபிமொழியும் அபூதாவூதில் உண்டு. என் எளிய அளவுகோல் இதுதான்: இன்னொருவரின் உயிரையும் மானத்தையும் பொருளையும் பறிக்கும் படத்தையும் சூதையும் அரசு உடனே தடுக்கட்டும், எதைத் தடுத்தோம், ஏன் தடுத்தோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லட்டும். மக்கள் தம் துயரைச் சொல்லும் வாயை மூடாதிருக்கட்டும். ஆதாரைக் கேட்டு வாங்குவோர் அதனை அமானிதமாகக் காக்கட்டும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

உமர் (ரலி) அவர்களிடம் சொல்லப்பட்ட அறிவுரை பெற்றோருக்கும் பொருந்தும். மகனுடைய கைப்பேசியை அவன் உறங்கும்போது திருட்டுத்தனமாகத் துழாவுவதும் சுவரேறிக் குதிப்பதே. அது அவனுக்கு ஒழுக்கத்தைக் கற்பிக்காது. இன்னும் உயரமான சுவர் எழுப்பவே கற்பிக்கும். 'நான் உன் பொறுப்பாளன்; வாரம் ஒருமுறை உன்னோடு அமர்ந்து பார்ப்பேன்' என்று முன்கூட்டிச் சொல்லி, வாசல் வழியாக வாருங்கள்.

அன்னூர் 58ஆம் வசனத்தின் மூன்று பொழுதுகளையே கைப்பேசிக்கும் வைத்துப் பாருங்கள். இஷாவுக்குப் பின் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும், அத்தாவுடையது உட்பட, கூடத்தில் ஓரிடத்தில் இருக்கட்டும். சுபுஹுக்கு முன் எவரும் தொட வேண்டாம். உறங்கும் அறைக்குள் ஒளிப்படக் கருவி நுழையாதிருப்பதே பாதிப் பாதுகாப்பு.

செயலி ஒவ்வொன்றும் என்ன அனுமதி பெற்றிருக்கிறது என்பதைக் கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் பார்க்கலாம். விளையாட்டுக்கு ஒலிவாங்கியும் படங்களும் தொடர்பு எண்களும் எதற்கு? நீக்கிவிடுங்கள். கைப்பேசியை உங்கள் தாய்மொழிக்கு மாற்றிக்கொண்டால் வீட்டுப் பெண்களே படித்து முடிவு செய்வார்கள். நிக்காஹ், வலீமா வீடுகளில் எடுக்கும் பெண்களின் படங்களை அவர்களைக் கேளாமல் குழுக்களில் அனுப்பாதீர்கள். படத்தில் இருப்பவருக்கே அதன் உரிமை.

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் மெய்ப்பிக்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. உங்கள் 'சரி' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் மதிப்புண்டு. அதைப் பார்க்காமல் அழுத்தி வீணாக்காதீர்கள்.

அல்லாஹ் காப்பானாக, வீட்டுப் பெண்ணின் படத்தை எவனாவது திரித்து வெளியிட்டால், முதலில் அவள் அருகில் அமருங்கள். அப்படத்தின் சான்றைப் பதிவு செய்துகொண்டு, தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் புகார் அளியுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றத்தைப் பெயர் சொல்லாமலும் அங்கே தெரிவிக்கலாம். பணமோசடிக்கு 1930 என்னும் எண் உண்டு. ஆபாசமாகவோ முகம் மாற்றியோ வெளியிட்ட படத்தைப் பாதிக்கப்பட்டவர் முறையிட்ட 24 மணி நேரத்திற்குள் நீக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் சமூக வலைத்தளங்களைப் பணித்தன. மனம் உடைந்த நேரத்தில் 14416 என்னும் எண்ணை அழைத்தால், ஆறுதலாகப் பேச அரசு ஏற்படுத்திய மனநல ஆலோசகர்கள் இருக்கின்றனர். சேலத்து மகளுக்குக் காலத்தில் கிடைக்காத உதவி இன்னொரு மகளுக்குக் கிடைக்கட்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அவ்வீட்டைப் பற்றிப் பள்ளிவாசல் திண்ணையில் பேசுவோரை அடக்குங்கள். அக்குடும்பத்தோடு காவல் நிலையம்வரை துணைக்குச் செல்லுங்கள்.

அந்த மாணவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவன் அத்தா ஊர் வந்தபோது, அவனுடைய ஒப்புதலைக் கேட்டுக்கொண்டே அவரிடம் பேசினேன். அடிக்க ஓங்கிய கையை அவர் இறக்கிக்கொண்டார். மூவரும் அமர்ந்து, அந்த விளையாட்டு பெற்றிருந்த அனுமதிகளை ஒவ்வொன்றாக நீக்கினோம். படங்கள் இருந்த பக்கம் வந்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சிறுவன் அதைக் கவனித்தான். இப்போதும் சில நாள்களில் அவன் உறங்கி விழுகிறான். ஒரே நாளில் திருந்திவிட்டான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஏன் உறங்குகிறான் என்பதை அவனே வந்து சொல்கிறான். எனக்கு அதுவே பெரிது.

நம் வீடுகளின் மானத்தையும் மக்களின் ஈமானையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! பிறர் குறைகளை மறைப்போரின் குறைகளை மறுமையில் மறைப்பவன் அவனே. ஆமீன்.